மறுதாம்பு

மார்ச் 11

பிரகதாம்பாள் இன்று காலைப் பேருந்தில் கீரமங்கலத்துக்கு, தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று சொல்ல முடியாது. நான் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லைத் தகராறு என்றால் இரண்டு பக்கத்து வாதத்தையும் எழுதிக்கொள்வது என் பழக்கம். அதன்படியே எழுதுகிறேன்.

என் மனைவியின் வாதம்: இந்த நாலு ஏக்கர் கொல்லையில் வீடு கட்டிக் குடிவந்தபோது கிணற்றில் தண்ணீர் மேலே கிடந்தது. நான் தைலமரம் வைத்தேன். மரம் ஏற ஏறத் தண்ணீர் இறங்கியது. இந்த மாசியில் வாளி போய்க் கல்லில் மோதியது. அவள் வைத்த நார்த்தை மரம் நின்றபடியே காய்ந்துவிட்டது.

என் வாதம்: மழை முன்போல இல்லை. வந்தால் இரண்டு நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. அதற்கு மரம் என்ன செய்யும்? தைலமரத்துக்கு உரம் வேண்டாம், காவல் வேண்டாம், ஆடு வாய் வைக்காது. ஐந்து வருடத்தில் காகித ஆலைக்கு வெட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பக்கத்தில் யார்தான் வைக்கவில்லை?

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "தைலமரம் இந்தக் கொல்லையில இருக்கற வரைக்கும் நான் இங்க ஒலை வைக்க மாட்டேன்."

ஊறுகாய் ஜாடியையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாளில் வந்துவிடுவாள்.

மார்ச் 13

வரவில்லை.

மார்ச் 16

சமையல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சோறு நன்றாக வெந்தது. கரண்டியைத் தூக்கினால் பானையும் கூடவே வருகிறது, அவ்வளவுதான். ரசத்தில் ஏதோ ஒன்று போட மறந்திருக்கிறேன். எது என்று குடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்ச் 20

சிங்கப்பூரிலிருந்து மகள் பேசினாள். அம்மா எங்கே என்றாள். பூப்பறிக்கிற சீசன், மாமாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று நான்தான் அனுப்பி வைத்தேன் என்றேன்.

"அம்மாகிட்டதான்பா மொதல்ல பேசினேன்" என்றாள்.

வெயிலைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 27

தைலமரத்தை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். வைத்து ஐந்து வருடம் ஆகிறது. எப்படியும் வெட்ட வேண்டியதுதான். இதற்கும் பிரகதாம்பாளுக்கும் சம்பந்தம் கிடையாது. இரண்டு மாதம் பொறுத்தால் விலை ஏறும் என்று வியாபாரி சொன்னார். நாளைக்கே ஆளைக் கூட்டி வாருங்கள் என்றேன்.

ஏப்ரல் 6

வெட்டி முடிந்தது. லாரி போன பிறகு திண்டுக்கல்லே தெரிகிற மாதிரி கொல்லை திறந்து கிடக்கிறது. தரையோடு தரையாக அடிக்கட்டைகள் மட்டும் நிற்கின்றன.

கட்டையைத் தோண்டுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. வெட்டிய தைலமரம் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதற்கு மறுதாம்பு என்று பெயர். நடவுக் கூலி இல்லாமல், கன்றுச் செலவு இல்லாமல், கடவுள் கொடுக்கிற இரண்டாவது வெள்ளாமை. அதைத் தோண்டி எறிகிறவனை இந்த ஊரில் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

மச்சினன் உடையப்பனுக்குப் போன் போட்டேன்.

"மரம் பூரா வெட்டியாச்சுன்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க."

"பூராவுமா அத்தான்?"

"ஒத்த மரம் இல்ல. வந்து பாக்கச் சொல்லுங்க."

"கட்டைய என்ன செஞ்சீங்கன்னு அக்கா கேக்குறாக. பக்கத்துலதான் நிக்கிறாக."

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 28

நேற்று கோடை மழை. இந்த வருடம் முன்னாடியே வந்துவிட்டது, அதுவும் ஆலங்கட்டியோடு. பிரகதாம்பாள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல். வீட்டைக் கூட்டினேன். கூட்டியதில் என்னென்னவோ கிடைத்தது.

மே 4

காலைப் பேருந்தில் வந்தாள். நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன். அவள் வெளியே நின்று கொல்லையைப் பார்த்தாள். மழைக்குப் பிறகு கட்டைக்குக் கட்டை துளிர் கிளம்பியிருந்தது. கொத்துக்கொத்தாக, செவேல் என்று. அழகாகக்கூட இருந்தது என்று சொல்லலாம். அப்போது சொல்லவில்லை.

"என்னங்க இது?"

"வெட்டியாச்சுல்ல."

"இது வெட்டினதா? திருப்பதிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்த தலை. ஆறு மாசத்துல சீப்பு கேக்கும்."

ஊரில் யாரைக் கேட்டாலும் மரம் வெட்டுவது என்றால் இதுதான் என்று விளக்கினேன். கேட்கிறவர்கள் விளங்கிக்கொள்ளும்படிதான் விளக்கினேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போன பேருந்து அதற்குள் திரும்பி வந்தது. ஏறினாள்.

"என்னம்மா, அதுக்குள்ளயா?" என்று நடத்துநர் கேட்பது காதில் விழுந்தது.

"சாமி பாத்தாச்சு" என்றாள்.

மே 6

கட்டையைச் சாகடிக்கக் கல்லுப்பு போதும் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஒரு மூட்டை வாங்கி வந்து கட்டைக்கு இரண்டு கை வைத்தேன்.

மே 8

உப்பை நக்குவதற்காக ஊர் ஆடு முழுவதும் என் கொல்லையில். ஆடு தைலமரத்தில் வாய் வைக்காது என்று நான் முன்பு எழுதியது சரிதான். துளிரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்றன. கொடியில் காய்ந்த துண்டு உட்பட.

மே 15

வெளிச்சம் படாவிட்டால் துளிர் வெளுத்துச் செத்துவிடும் என்று கடைவீதியில் உரக்கடைக்காரர் சொன்னார். பழைய சாக்குகளை வாங்கி வந்து கட்டைகளை மூடினேன். துளிர் உள்ளிருந்து முட்டி, சாக்கு ஒவ்வொன்றும் ஆள் குந்தியிருப்பது போல் எழும்பி நிற்கிறது. மாலைப் பேருந்து கேட்டுக்கு எதிரே மெதுவாகப் போனது. நடத்துநர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், நூறுநாள் வேலையா? ஒருத்தரும் எந்திரிக்கிற மாதிரி தெரியலையே."

மே 22

பக்கத்துக் கொல்லை சவரிமுத்துவும் தைலமரத்தை வெட்டினவர்தான். அவர் பொக்லைன் வைத்து ஒரே நாளில் அத்தனை கட்டையையும் பிடுங்கிவிட்டார். வேலியோரம் வந்து நின்று என் சாக்குகளைப் பார்த்தார்.

"சர்வேயரய்யா, எதுக்கு இந்தப் பாடு? ஒரு நா வாடகை. சோலி முடிஞ்சுது. அய்யாவுக்கு அம்மா வேணுமா, மறுதாம்பு வேணுமா, அதச் சொல்லுங்க."

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கும் போல. பொக்லைன்காரர் நம்பரை வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னால், பிடுங்கிய பிறகு என்ன நடுவது என்று கேட்கலாம் என வனத்துறை நாற்றங்காலுக்குப் போனேன்.

அங்கே பொறுப்பில் இருப்பவர் ஜெசிந்தா என்கிற வனவர். முப்பது வயது இருக்கும். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பிறகு, "பொக்லைன் வேணாம் சார்" என்றார்.

"ஏன் மேடம்?"

"உங்க கொல்லை மேற்கிலேருந்து கிழக்கால சரிவு. இப்ப மழை எப்படிப் பெய்யுதுன்னு பாக்குறீங்கல்ல? அண்டாவக் கவுத்த மாதிரி. மண்ணக் கெளறிவிட்டீங்கன்னா மேல் மண்ணு ரோட்டுக்குப் போயிரும். கட்டை உள்ளயே கெடக்கட்டும். வேரு மக்குனா அந்த ஓட்டையில தண்ணி எறங்கும்."

"துளிர் வருதே."

"ஒடிங்க. ஒடிக்க ஒடிக்க, வேருல வெச்சிருக்கற சாப்பாட்டத் தின்னுதான் அது மறுபடி துளிர்க்கும். ஒருநா சாப்பாடு தீந்துரும்."

"எவ்வளவு நாள் ஒடிக்கணும்?"

"அதுக்கு வெக்கம் வர்ற வரைக்கும்."

நடுவதற்கு ஒரே சாதி மரம் தரமாட்டாராம். மகிழம், வேங்கை, இலுப்பை, புங்கம், நாவல், கொஞ்சம் மலைவேம்பு என்று கலந்துதான் தருவாராம். ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொன்று நிற்கும். மலைவேம்பை முதலில் விற்கலாம், வேங்கை பேரப்பிள்ளை காலத்துக்கு. ஒரே நாளில் மொட்டையடிக்காமல் முற்றினதை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். எந்தக் காலத்திலும் கொல்லை வெறுமனே கிடக்கக்கூடாது என்றார்.

"கிழக்கு ஓரத்துல தோண்டுனா சரளை. அங்க மகிழம் வெக்காதீங்க, புங்கம் வைங்க. எங்ககிட்ட புதுசா ஒருத்தவங்க வேலைக்கு வந்திருக்காங்க, அவங்கதான் சொன்னாங்க."

என் கொல்லையின் கிழக்கு ஓரத்தில் சரளை இருப்பது நாற்றங்கால் வேலைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று வழியெல்லாம் யோசித்தேன். அரசாங்கத்திடம் மண் வரைபடம் இருக்கும். எங்கள் துறையைவிட அவர்கள் துறை முன்னேறிவிட்டது.

மே 24

ஒடித்தேன்.

மே 31

ஒடித்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

ஜூன் 9

முதலில் ஒடித்த இடத்தில் மறுபடி வந்துவிட்டது. ஒன்று ஒடித்தால் நாலாக வருகிறது. மறுபடி முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். மத்தியானம் உடையப்பன் வந்தார், ஒரு தூக்குவாளியோடு. கருவாட்டுக் குழம்பு.

"அக்கா குடுத்துவிடல அத்தான். நானா கொண்டாந்தேன்."

"நீங்களா வெச்சீங்க?"

"ஆமா."

"எத்தனை கத்திரிக்காய் போட்டீங்க?"

தூக்குவாளி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "அது ஒரு அளவாத்தான்" என்றார்.

மச்சினனுக்கு இவ்வளவு நன்றாகச் சமைக்க வரும் என்பது எனக்குப் புதிய செய்தி. குழம்பில் பாதியை அவரே சாப்பிட்டுவிட்டுக் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். என் உடம்பையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எளைச்சுப் போயிட்டீங்க."

"யார் பாத்துட்டு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அக்காவுக்கு எங்க நேரம்? அவகதான் இப்ப வேலைக்குப் போறாகளே."

"என்ன வேலை?"

"அத அவகளே சொல்வாக."

பூக் கட்டுகிற வேலையாக இருக்கும். கீரமங்கலத்தில் வேறென்ன இருக்கிறது?

ஜூன் 23

வடமேற்கு மூலையில் ஒரு கட்டை. எத்தனை முறை ஒடித்தாலும் மறு வாரம் வந்து நிற்கிறது. அதற்கு உடையப்பன் என்று பெயர் வைத்தேன். அடையாளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

ஜூலை 12

கன்றுகளுக்குச் சாணி எரு வேண்டும். விசாரிக்கலாம் என்று கீரமங்கலம் போனேன். உள்ளூரிலும் சாணி இருக்கிறது, ஆனால் பல இடத்தில் விசாரிப்பது நல்லது. மச்சினன் வீட்டுத் தெரு வழியாக இரண்டு முறை நடந்தேன். அதுதான் குறுக்குவழி. வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா, "அவுக வேலைக்குப் போயிட்டாக, சாயங்காலந்தான் வருவாக" என்றார். நான் கேட்கவே இல்லை.

எரு விசாரிக்க மறந்துவிட்டது.

ஜூலை 30

உடையப்பன் துளிர்த்தது. உடையப்பனும் வந்தார். மீன் குழம்பு.

ஆகஸ்ட் 18

இன்று ஒரு மாறுதல். கிழக்கு வரிசைகளில் பல கட்டைகளில் துளிர் வரவேயில்லை. வந்த இடத்திலும் நூல் மாதிரி, வெளிறி, மன்னிப்புக் கேட்பது போல் வருகிறது. ஒடிக்கச் சற்றுச் சங்கடமாக இருந்தது. ஒடித்தேன்.

ஆகஸ்ட் 25

குழி வெட்ட ஆள் பிடித்து, சங்கிலி போட்டு அளந்து, நூல் பிடித்தாற்போல் வரிசை போட்டேன். ஒரு வரிசை முழுக்க வேங்கை, அடுத்தது முழுக்க இலுப்பை என்று குச்சி நட்டேன். ஜெசிந்தா மேடம் வந்து பார்த்துவிட்டு, "சார், இது போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருக்கு" என்றார். சாதி கலந்து வைக்க வேண்டுமாம். சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் மாதிரி குழி எடுத்து, ஓடுகிற தண்ணீரை நிறுத்தி உள்ளே இறக்க வேண்டுமாம். தைலமர இலைதழையைக் கொளுத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

"அதக் கொளுத்தாதீங்க. அவரு எதையாவது கூட்டுனா உடனே கொளுத்திப்புடுவாருன்னு சொன்னாங்க."

"யார் சொன்னா?"

"எங்க ஆளுதான்" என்று வண்டியைக் கிளப்பினார்.

இந்தத் தகவல் எந்த வரைபடத்திலும் இருக்க முடியாது. இதைப் பற்றி மேற்கொண்டு எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 14

நேற்று சாயங்காலம் இடி இடித்து ஆரம்பித்த மழை, பொழுது விடிகிற வரை விடவில்லை. ஐப்பசியில் பெய்ய வேண்டியது இப்போதே வந்து விழுந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தேன். என் குறுக்குக் குழிகள் எல்லாம் நிரம்பி நின்றன. கட்டைகள் மண்ணைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தன. சவரிமுத்துவின் கொல்லையில் மட்டும் மண் இல்லை. அது வேலியைத் தாண்டி என் வேலியோரக் குழியில் வந்து படிந்திருந்தது. கொஞ்சம் ரோட்டில். நில அளவையில் இவ்வளவு காலம் இருந்தேன், இப்படி ஒரு பட்டா மாறுதலைப் பார்த்ததில்லை.

சவரிமுத்து வேலியோரம் நின்று தன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னுது" என்றார்.

"அளந்து தரவா?" என்றேன்.

சிரிக்க மாட்டார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். கூடையோடு வந்து அள்ளிப் போகச் சொன்னேன். அடுத்த வருடத்துக்கு ஜெசிந்தா மேடத்தின் நம்பரையும் கொடுத்தேன்.

செப்டம்பர் 20

ஈரம் இருக்கும்போதே நட்டாயிற்று. கலந்துதான் நட்டேன். எது பக்கத்தில் எது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. பார்வைக்கு ஊர்ச்சந்தை மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 5

அன்றைக்குப் பெய்ததோடு சரி. பிறகு ஒரு தூறல் இல்லை. கன்றுகள் தலை சாய்கின்றன. கிணற்றில் வாளியை விட்டேன். கல்லில் மோதவில்லை. தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் தண்ணீர். குடத்தில் எடுத்து ஊற்றுகிறேன். முடித்துத் திரும்பினால் முதலில் ஊற்றின கன்று காய்ந்து நிற்கிறது. இவை செத்தால் பிரகதாம்பாளிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது.

எழுதிவிட்டேன், இந்த வரியை அடிக்கவில்லை.

அக்டோபர் 17

ஊற்றினேன். இலைச்சருகை இழுத்து ஒவ்வொரு கன்றின் காலடியிலும் போட்டேன். சருகுக்கு அடியில் ஈரம் இரண்டு நாள் நிற்கிறது. கொளுத்தியிருந்தால் இது கிடைத்திருக்காது என்பதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

உடையப்பன் தூக்குவாளியோடு வந்து, குடத்தைப் பிடுங்கி, இரண்டு வரிசைக்கு ஊற்றிவிட்டுப் போனார். சுண்ணாம்பு அடித்த கட்டையைக் காட்டி அது ஏன் என்று கேட்டார். எல்லைக் கல் என்றேன்.

அக்டோபர் 29

மழை ஆரம்பித்துவிட்டது. நல்ல மழை, நிதானமாக. நாற்றங்காலிலிருந்து போன் வந்தது. கொடுத்த கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கிறது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம்.

நவம்பர் 2

பத்து மணிக்கு ஜெசிந்தா மேடத்தின் வண்டி வந்தது. பின்னால் இருந்து ஒருவர் இறங்கினார். நாற்றங்கால் பெண்கள் போடுகிற மாதிரி சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் பச்சைத் தொப்பி. சட்டை என்னுடையது.

"சரளை இருக்குன்னு சொன்னாங்கன்னேன்ல, இவங்கதான்" என்றார் மேடம். "உங்களுக்குத் தெரியுமா சார்?"

"பாத்த மாதிரி இருக்கு" என்றேன்.

பிரகதாம்பாள் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினாள். ஒவ்வொரு கன்றாகக் குனிந்து சருகை விலக்கி, விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டையையும் காலால் தட்டினாள். நான் பின்னாலேயே போனேன். சர்வே உத்தியோகத்தில் எத்தனையோ பேர் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத் தெரிந்தது.

வடமேற்கு மூலையில் நின்றாள். "இதுல மட்டும் துளிர் இருக்கே. எதுக்கு சுண்ணாம்பு?"

"அது உடையப்பன்."

திரும்பி வேலியைப் பார்த்து நின்றாள். தொப்பி கொஞ்ச நேரம் ஆடியது. திரும்பியபோது முகம் பழையபடி அதிகாரியாகிவிட்டது. கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"மழை இல்லாதப்ப தண்ணி எப்படி?"

"கெணத்துலேருந்து. குடத்துல."

"யாரு ஊத்துனது?"

"நான்தாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் 'ங்க' போட்டதில்லை. அவளும் அதைக் கவனித்தாள்.

"துளிர் ஒடிச்சது?"

"நான்தான்."

"அத்தனையும் தனியாவா?"

"தனியாத்தான்."

அவள் கீழே குனிந்து ஒரு வேங்கைக் கன்றுக்கு முட்டுக்கொடுத்திருந்த குச்சியை நிமிர்த்தி வைத்தாள். அது நேராகத்தான் இருந்தது.

"மேடம்" என்றாள். "கன்னுக பரவாயில்ல. முக்காவாசி பொழச்சிருக்கு. ஆனா இந்தக் கொல்லைக்கு ஆள் பத்தாது."

"அதுக்கு நான் என்ன செய்யமுடியும்மா?" என்றார் மேடம்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். வாரத்துல ஆறு நா நர்சரிக்கு இங்கேருந்து வந்துர்றேன். பஸ் இருக்கு."

மேடம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். தூறல் விழ ஆரம்பித்தது. பிரகதாம்பாள் தொப்பியைக் கழற்றாமல் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டைச் சாத்தப் போனேன். வெளியே, செருப்புக்குப் பக்கத்தில், ஒரு பெரிய துணிப்பை இருந்தது. மழை படாமல் பாலிதீன் சுற்றியிருந்தது. கன்று எண்ண வருகிறவர்கள் துணிப்பையோடு வருவதில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தேன்.